அளவுகோலும் ஆரவாரமும்



மாலை வேளையில் தேநீர்க் கடையின் வாங்கிலே இருவர் அமர்ந்துவிட்டால், அங்கே ஒரு வழக்கு மன்றம் கூடிவிடுகின்றது. முரளிதரன் பெரியவரா, வார்ன் பெரியவரா? பிராட்மனை விஞ்சிய துடுப்பாட்ட வீரர் உண்டா? உதைபந்தாட்டம் சிறந்ததா, கிரிக்கெட் சிறந்ததா? வாதிகளும் அவர்களே, நீதிபதிகளும் அவர்களே. தேநீர் ஆறிப்போகும், வழக்கு மட்டும் ஆறுவதில்லை.

இதனை வீண் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் பார்ப்பது மனித இயல்பு. ஒப்பீடு இல்லையேல் போட்டியே இல்லை. ஆயின், எந்த அளவுகோலைக் கொண்டு ஒப்பிடுகின்றோம் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட விளையாட்டு வரலாற்றிலே மனிதர் எவ்வாறு ஒப்பிட்டனர், எங்கே நேர்மையாக ஒப்பிட்டனர், எங்கே தவறினர் என்பதை இன்று சற்றே நோக்குவோம்.

முதலில் கிரேக்க நாட்டுக்குச் செல்வோம். கி. மு. 776 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதாக மரபு கூறும் ஒலிம்பியா விழாவிலே, வென்றவனுக்கு ஒலிவ இலை முடி ஒன்று சூட்டப்பெற்றது. இரண்டாவதாக வந்தவனுக்குப் பரிசில்லை. அவன் பெயரைக் குறிப்போருமில்லை. எத்தனை விநாடியில் ஓடினான் என்று அளந்தவரும் இல்லை. அளக்க விரும்பியிருந்தாலும் ஒப்பீடு எளிதாய் இருந்திருக்காது. 'ஸ்தாதியோன்' எனப்பட்ட ஓட்டம் அறுநூறு அடித் தூரம் கொண்டது. ஆனால் அடி என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஒலிம்பியாவின் ஓடுதளம் ஏறத்தாழ 192 மீற்றர்; தெல்பியின் ஓடுதளமோ ஏறத்தாழ 178 மீற்றர். ஆகவே கிரேக்கன் ஒருவன், "அன்று, அந்த இடத்தில், அங்கு வந்தோருள் இவனே முதல்வன்" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அந்தக் கூற்றிலே ஓர் அடக்கமும் நேர்மையும் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

உரோதுத் தீவினனான லெயோனிதாஸ் என்ற ஓட்ட வீரன், கி. மு. 164 முதல் 152 வரை நடந்த நான்கு ஒலிம்பிய விழாக்களிலும் மும்மூன்று ஓட்டங்களில் வென்று, பன்னிரண்டு முடிகளைச் சூடினான். 2016 ஆம் ஆண்டு ரியோ நகரிலே அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸ் தமது பதின்மூன்றாவது தனிநபர் தங்கப் பதக்கத்தைப் பெற்றபோது, ஈராயிரத்து நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட சாதனை முறியடிக்கப்பட்டது என்று உலகெங்கும் செய்தி பரவியது. செய்தி உண்மையே. ஆயினும் சற்றே சிந்தியுங்கள். லெயோனிதாஸ் ஓடிய களத்திலே சுதந்திரக் குடிகளான கிரேக்க ஆடவர் மட்டுமே போட்டியிட முடிந்தது. பெல்ப்ஸ் நீந்திய தடாகத்திலோ உலகமே வந்து குதித்தது. மறுபுறம், நீச்சலிலே தூரத்துக்கொரு போட்டி, நீந்தும் முறைக்கொரு போட்டி என ஒருவருக்கே பல வாய்ப்புகள் உண்டு. பன்னிரண்டும் பதின்மூன்றும் எண்களாக அடுத்தடுத்து நிற்கலாம். ஆனால் அவை ஒரே ஏணியின் படிகள் அல்ல.

எண்ணிக்கையின் மீது பெருங்காதல் கொண்டவர்கள் உரோமர். கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலே, இன்றைய போர்த்துக்கல் பகுதியிலிருந்து வந்த தியோக்கிளஸ் என்ற தேரோட்டி, இருபத்துநான்கு ஆண்டுகள் தேரோட்டி, நாற்பத்திரண்டாம் வயதிலே ஓய்வு பெற்றான். அவனுக்காகப் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு ஒரு கணக்குப் புத்தகம் போலவே அமைந்துள்ளது: ஓடிய போட்டிகள் 4,257, வெற்றிகள் 1,462. அதாவது மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் வெற்றி.

அக்கல்வெட்டில் மிகச் சுவையான ஓரிடம் உண்டு. எப்பாப்பிரோதீத்து என்ற தேரோட்டி 1,467 வெற்றிகள் பெற்றவன். அஃதாவது தியோக்கிளஸைவிட ஐந்து வெற்றி கூடுதல். கல்வெட்டு இதனை மறைக்கவில்லை. ஆனால், தனித்தேர்ப் போட்டிகளிலே அவன் பெற்ற வெற்றி 911 என்றும், தியோக்கிளஸ் பெற்றது 1,064 என்றும் எடுத்துக்காட்டி, "ஆகவே நம்மவனே மேலோன்" என்று வாதிடுகின்றது. நேயர்களே, இன்றைய தேநீர்க் கடை வாதத்தின் பாட்டனார் இந்தக் கல்வெட்டிலே இருக்கின்றார்! மொத்தக் கணக்கிலே தோற்றால், வெல்லத்தக்க வேறொரு கணக்கைத் தேடுவது அன்றே தொடங்கிய கலை. இதைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆயினும் கடினமான வெற்றியையும் எளிதான வெற்றியையும் ஒரே தட்டில் நிறுக்கலாகாது என்ற நல்லறிவும் அந்த வாதத்துள்ளே ஒளிந்திருக்கின்றது.

இனி, பழங்காலத்தார் கண்டறிந்த ஒப்பீடுகளுள் மிக நேர்மையான ஒன்றைக் கூறுவேன். ஏறத்தாழக் கி. பி. 500 ஆம் ஆண்டளவில், கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரத்தின் தேரோட்ட அரங்கிலே போர்பீரியஸ் என்ற தேரோட்டி புகழ்பெற்றிருந்தான். அக்காலத்தார் ஒரு ஐயம் எழுப்பினர்: வெற்றி தேரோட்டிக்கு உரியதா, குதிரைகளுக்கு உரியதா? இதற்கு விடை காண ஒரு போட்டி வகுத்தனர். முதலில் வென்றவன், தன்னிடம் தோற்றவனுடைய குதிரைகளைத் தான் பெற்றுக்கொண்டு, தன் குதிரைகளை அவனுக்குக் கொடுத்து, அன்றைக்கே மீண்டும் ஓட வேண்டும். இரண்டாவது முறையும் அவனே வென்றால், திறமை யாருடையது என்பதில் ஐயமேது? போர்பீரியஸ் இவ்வாறும் வென்றான். ஒன்றையொன்று பகைத்த இரு கட்சியாரும் அவனுக்குச் சிலை எடுத்தனர். அச்சிலைகளின் பீடங்கள் இரண்டு இஸ்தான்புல் அருங்காட்சியகத்திலே உள்ளன. நிலைமைகளை ஒன்றாக்கிய பின் ஒப்பிடுக என்ற பாடத்தை, விஞ்ஞானக்கூடம் தோன்றுமுன்பே தேரோட்ட அரங்கு கற்பித்துவிட்டது.

அரங்கின் நடுவே இத்துணை நேர்மை இருந்தது. அரங்கைச் சுற்றி இருந்தோரிடம் அது இருந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும்.

உரோமர் காலந்தொட்டே தேரோட்டிகள் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என நான்கு நிறக் கட்சிகளாகப் பிரிந்திருந்தனர். தேரோட்டிகள் ஒரு நிறத்திலிருந்து மற்றொரு நிறத்துக்கு மாறுவதுண்டு. நாம் முன்பு கண்ட தியோக்கிளஸே மூன்று நிறங்களில் ஓடியவன். ஆனால் பார்வையாளர் மாறுவதில்லை. உரோமப் பிரமுகரான இளைய பிளினி இதைக் கண்டு வியந்து ஒரு கடிதம் எழுதினார். குதிரையின் வேகத்தையோ ஓட்டுபவனின் திறத்தையோ இவர்கள் விரும்பினால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. இவர்கள் விரும்புவதோ ஒரு துணியின் நிறத்தை. ஓட்டத்தின் நடுவிலே நிறங்களை மாற்றிவிட்டால் இவர்களுடைய அன்பும் உடனே மாறிவிடும் என்பது அவர் கருத்து.

நிறத்தின்மீது கொண்ட இந்த அன்பு விளையாட்டாகவே முடிந்திருந்தால் நன்று. கி. பி. 532 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், கொன்ஸ்தாந்திநோப்பிளிலே, கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்டோருள் நீலக் கட்சியான் ஒருவனும் பச்சைக் கட்சியான் ஒருவனும், தூக்கு மரம் முறிந்தமையால் உயிர் தப்பினர். அவ்விருவருக்கும் மன்னிப்பு வேண்டி இரு கட்சியாரும் அரங்கிலே குரல் எழுப்பினர். பேரரசன் யுஸ்தீனியன் இணங்கவில்லை. வரி முதலியவற்றால் முன்னரே புகைந்திருந்த வெறுப்பும் அதனோடு சேர்ந்துகொண்டது. "வெல்க" என்னும் பொருளுடைய 'நீக்கா' என்ற சொல், தேரோட்டிகளுக்கு உற்சாகமூட்டக் கூவப்பட்ட சொல், கலகக்காரரின் போர் முழக்கமாயிற்று. நகரம் பல நாள் எரிந்தது. புனித சோபியா தேவாலயம் சாம்பலாயிற்று. முடிவிலே, அதே அரங்குக்குள் திரண்டிருந்த மக்கள்மீது படை ஏவப்பட்டு, முப்பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டனர் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் எழுதியுள்ளார். இன்று இஸ்தான்புல்லில் நாம் காணும் புனித சோபியாக் கட்டடம், அந்தச் சாம்பலின்மேல் எழுப்பப்பெற்று 537 ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது.

அரசியற் கோபத்துக்குக் காரணங்கள் வேறு இருந்தன. நிறம் மட்டுமே நகரை எரித்தது என்று நான் கூறவரவில்லை. ஆனால் அந்தக் கோபம் பற்றிக்கொள்வதற்கு, ஆண்டுக் கணக்காய்ச் சிந்தனையின்றிக் கூவிப் பழகிய கூட்டம் ஆயத்தமாய் இருந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். மணிக்கூடும் அளவு நாடாவும் விளையாட்டுக்குள் புகுந்தபின், ஒரே களத்தில் சந்திக்காத இருவரையும் ஒப்பிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலே, 200 மீற்றர் ஓட்டத்தில் நம் நாட்டுச் சுசந்திகா ஜயசிங்க 22.28 செக்கன்களில் ஓடினார். அவருக்கு முன் முடித்த பஹாமாத் தீவு வீராங்கனையின் நேரம் 22.27. நூறில் ஒரு செக்கன்! மனிதக் கண் பிரித்தறியாத இந்த இடைவெளியைக் கருவி பிரித்தறிந்தது. ஆனால் அதே கருவி, முதலாவதாக வந்த அமெரிக்க வீராங்கனை மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து உட்கொண்டிருந்ததைக் கண்டு சொல்லவில்லை. 2007 ஆம் ஆண்டிலே அவரே அதனை ஒப்புக்கொண்டார். 2009 ஆம் ஆண்டிலேதான் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. கடிகாரம் வேகத்தை அளக்கும், வாய்மையை அளக்காது.

மற்றொரு சான்று நம் யாழ்ப்பாணத்துக்கு உரியது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராய் இருந்து, 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலும் 1956 ஆம் ஆண்டு மெல்போணிலும் ஒலிம்பிக் களம் கண்ட நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விழாவிலே இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 1993 ஆம் ஆண்டு கியூபா நாட்டுச் சொத்தோமயோர் 2.45 மீற்றர் பாய்ந்தார். இவ்விரு எண்களையும் மட்டும் பார்க்கும் இளைஞன், "ஓகோ, 42 சென்ரிமீற்றர் குறைவா!" என்று உதட்டைப் பிதுக்கக்கூடும்.

பொறுங்கள், தம்பி! 1958 இல் பாய்ந்தவர்கள் விழுந்த இடம் மணலும் மரத்தூளும் நிறைந்த குழி. முதுகு கீழாக விழுந்தால் முதுகெலும்பே போய்விடும். ஆகவே பாதுகாப்பாய் விழும் வழியையும் எண்ணியே பாய வேண்டியிருந்தது. 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோவிலே அமெரிக்கரான பொஸ்பரி, முதுகு கீழாகக் கம்பைத் தாண்டும் முறையால் தங்கம் வென்றார். தடித்த மெத்தை வந்தபின்பே அம்முறை உலகெங்கும் பரவ முடிந்தது. எதிர்வீரசிங்கத்தின் பாய்ச்சலை அளக்க வேண்டிய கோல் சொத்தோமயோர் அல்லர். 1956 ஆம் ஆண்டு மெல்போணிலே தங்கம் வென்ற டூமாஸ் பாய்ந்த 2.12 மீற்றரே. அவ்வாறு நோக்கின் இடைவெளி ஒன்பது சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடுகின்றது. அன்றைய உலகின் உச்சத்துக்கு எத்துணை அண்மையில் நம்மவர் நின்றார் என்பதும் புலனாகின்றது. 2024 ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது அவருக்கு நாம் செலுத்தியிருக்க வேண்டிய மரியாதை, இந்த ஒப்பீட்டைச் சரியாகச் செய்வதேயாகும்.

வெவ்வேறு விளையாட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது இன்னும் கடினம். ஓட்டத்தை மணிக்கூடு தீர்க்கின்றது. மல்யுத்தத்தை எதிராளியின் முதுகு தீர்க்கின்றது. சீருடற்பயிற்சியை நடுவரின் கண் தீர்க்கின்றது. பத்துவகை மெய்வல்லுநர் போட்டியிலே ஓட்டம், பாய்தல், எறிதல் ஆகிய அனைத்தையும் புள்ளிகளாக மாற்றிக் கூட்ட ஓர் அட்டவணை உண்டு. 1963 ஆம் ஆண்டிலே தாய்வான் வீரர் யாங் சுவான்-குவாங் 9,121 புள்ளிகள் பெற்று உலக சாதனை நிலைநாட்டினார். கண்ணாடியிழையாலான புதிய கோலைக் கொண்டு பாய்வதில் அவர் வல்லவர். அதற்கு அடுத்த ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு முன்பே அட்டவணை மாற்றப்பட்டது. பழைய புள்ளிகளைப் புதிய அட்டவணைப்படி கணித்தபோது, அவருடைய சாதனை ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் குறைந்தது. தோக்கியோவிலே அவர் பெற்ற இடம் ஐந்தாவது. மனிதர் மாறவில்லை, அவரை அளந்த கோல் மாறிற்று.

கிரிக்கெட் விரும்பிகள் இதுவரை பொறுமையுடன் இருந்தீர்கள். உங்களுக்குக் கொழும்பு மாநகரிலேயே ஒரு கதை உண்டு. 1948 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிராட்மன் தலைமையிலான அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும் வழியில் கொழும்பிலே இறங்கி, சதாசிவம் தலைமையிலான இலங்கை அணியோடு ஓவல் மைதானத்தில் ஒருநாள் ஆடியது. ஆட்டத்திடையே ஐயம் எழ, ஆடுகளம் அளக்கப்பட்டது. 22 யார் இருக்க வேண்டிய களம் 20 யாரே இருந்தது! உலகின் மிகப் புகழ்பெற்ற துடுப்பாட்ட வீரர் நின்ற களத்திலேயே அளவுகோல் பிழைத்திருந்தது. எண்களைப் பார்க்குமுன் களத்தைப் பாருங்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்பயணத்தின் முடிவிலே, இலண்டனில் நடந்த தமது கடைசி டெஸ்ட் இன்னிங்சில் பிராட்மன் ஓட்டம் எதுவும் பெறாது ஆட்டமிழந்தார். நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் அவருடைய சராசரி 100 ஆகியிருக்கும், 99.94 இலே நின்றுவிட்டது. இந்த எண்ணின் பெருமை, நூறை நெருங்கியதால் மட்டும் வந்ததன்று. அவருடைய காலத்திலும் பின்பும் ஆடிய மாபெரும் வீரர்களின் சராசரி அறுபதைச் சுற்றியே நிற்க, இவர் ஒருவர் மட்டும் அத்துணைத் தொலைவில் தனித்து நிற்பதே அதன் பெருமை.

இனி முரளிதரனும் வார்னும். முரளிதரன் 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள். வார்ன் 145 ஆட்டங்களில் 708. "வழக்கு முடிந்தது" என்பார் நம்மவர். "இல்லை, முரளியின் விக்கெட்டுகளில் 176 பங்களாதேசத்தையும் சிம்பாப்வேயையும் எதிர்த்துப் பெற்றவை, வார்னுக்கு அவ்வகையில் 17 மட்டுமே" என்பார் மறுதரப்பார். நன்று, அவற்றை இருபுறமும் கழித்துவிடுவோம். முரளிக்கு 108 ஆட்டங்களில் 624. வார்னுக்கு 142 ஆட்டங்களில் 691. இப்போதும் ஆட்டமொன்றுக்கு முரளியே கூடுதலாகப் பெறுகின்றார். "வார்னின் மறுமுனையிலே மக்ரா நின்று 563 விக்கெட்டுகளைப் பங்கிட்டுக் கொண்டாரே" என்பது அடுத்த வாதம். "முரளியின் 800 இல் 493 சுழலுக்கு உதவும் நம் நாட்டு மண்ணிலே பெற்றவை அன்றோ" என்பது அதற்கடுத்த வாதம். நேயர்களே, முடிவு எதுவாயினும் ஆகுக. இந்த வாதம் எவ்வளவு பண்பட்டுவிட்டது பாருங்கள்! வெறும் பெயரைக் கூவத் தொடங்கியவர்கள், களத்தையும் துணையையும் எதிரணியையும் ஆராயத் தொடங்கிவிட்டனர்.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை நாம் கையிற் கொள்ளலாம். முதலாவது: இருவருக்கும் நிலைமைகள் ஒன்றாய் இருந்தனவா? இஃது போர்பீரியஸின் கேள்வி. இரண்டாவது: அவரவர் காலத்தோரிடையே அவரவர் எங்கே நின்றனர்? இஃது எதிர்வீரசிங்கத்தின் கேள்வி. மூன்றாவது: நான் விரும்புவது ஆட்டத்தையா, நிறத்தையா? இஃது பிளினியின் கேள்வி. முதலிரண்டும் வீரரைப் பற்றியவை. மூன்றாவது நம்மைப் பற்றியது. சொந்த ஊர் அணியை நேசிப்பது குற்றமன்று. எதிரணியின் நல்ல ஆட்டத்துக்கும் கை தட்ட முடிகின்றதா என்பதே அந்த நேசத்துக்குச் சோதனை.

இவற்றைக் கேட்பது பொழுதுபோக்குக்காக மட்டுமன்று. கிராமப் பாடசாலையொன்றில் மேடுபள்ளமான மண் தரையிலே, சப்பாத்தின்றி ஒரு சிறுமி ஓடுகின்றாள். ஆசிரியர் கைக்கடிகாரத்தில் நேரம் குறிக்கின்றார். கொழும்பிலே செயற்கைத் தடத்தில், முள்ளாணிச் சப்பாத்து அணிந்து, மின்கருவியால் நேரம் குறிக்கப்பெற்று மற்றொரு சிறுமி ஓடுகின்றாள். தெரிவுக் குழுவின் மேசையில் இரண்டு எண்கள் மட்டுமே வந்து சேர்கின்றன. கூடிய எண்ணைக் கண்டவுடன் அந்த முதற் சிறுமியின் பெயரை வெட்டிவிடுவோமாயின், நாம் அளந்தது அவளுடைய கால்களையன்று. அவள் ஓடிய தரையையே. பெற்றோரும் ஆசிரியரும் தெரிவாளரும் ஒருமுறையேனும் அவ்விருவரையும் ஒரே தடத்திலே ஓடவிட்டுப் பார்ப்பார்களாக. தேரோட்ட அரங்கிலே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் குதிரைகளை மாற்றிக் கொடுக்க முடிந்ததென்றால், நம்மால் ஒரு தடத்தைப் பொதுவாக்கிக் கொடுக்க முடியாதா?